எண்களிலிருந்து உலகம்: எந்தப் பாதையை எடுத்துப் படிப்பது?

கூட்டலும் பெருக்கலும் இருந்தால் போதும், கணினி அதற்குள்ளேயே இருக்கிறது. கணினி இருந்தால், நாம் வாழும் இந்த உலகம்கூட அதிலிருந்து எழுந்து வரக்கூடும். சுருக்கமாகச் சொன்னால் கருத்து இவ்வளவுதான். கேட்டவுடன் கைதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டவுடன் கிறுக்குத்தனம் என்று தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் அவசரப்படுகிறது என்பேன். ஏனென்றால் அந்த வாக்கியத்தின் முதல் பாதி நிரூபிக்கப்பட்ட தேற்றம், இரண்டாம் பாதி இன்னும் கருதுகோள், இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் இதில் இவ்வளவு குழப்பம்.

ஒழுங்காக உட்கார்ந்து படிக்கலாம் என்று கிளம்புகிறவருக்கு எங்கே தொடங்குவது என்பதே பெரிய சிக்கல். உலகம் ஒரு பெரிய கட்டத்தில் ஓடும் நிரல் என்று கொன்ராட் சூசேவும் எட்வர்ட் ஃபிரெட்கினும் சொன்ன வழி ஒன்று. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் உறவுகளுமான வலைதான் உலகம் என்னும் ஸ்டீபன் வுல்ஃப்ராமின் ஹைப்பர்கிராஃப் வழி ஒன்று. எல்லாக் கணித அமைப்புகளும் நிஜமாகவே இருக்கின்றன என்னும் மேக்ஸ் டெக்மார்க்கின் வழி ஒன்று. எண்கணிதத்தில் தொடங்கி, உணர்வு வழியாக இயற்பியலுக்குப் போகும் புரூனோ மார்ஷாலின் வழி, அதே திசையில் வேறு கருவிகளோடு போகும் மார்க்குஸ் முல்லரின் வழி. ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்னும். ப்ளஸ் டூ கணிதமும் கொஞ்சம் நிரலாக்கமும் தெரிந்த, வேலைக்குப் போய்வந்து இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பது இதுதான்: எதை ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது, அதை வெளிப்படையாகச் சொல்கிறதா, தப்பு என்று நிரூபிக்க அதில் இடம் இருக்கிறதா.

எந்த வழியில் போனாலும் முதலில் தேற்றப் பாதியைப் பார்த்துவிடுவது நல்லது. 0, 1, 2, 3 என்று போகும் எண்களை எடுத்துக்கொண்டு கூட்டலை மட்டும் வைத்துப் பேசினால், அந்த மொழியில் எழுதக்கூடிய எந்தக் கூற்றும் உண்மையா பொய்யா என்று இயந்திரத்தனமாகக் கண்டுபிடித்துவிடலாம். இதை 1929-இல் மோய்செஷ் பிரெஸ்பர்கர் காட்டினார். பெருக்கலை மட்டும் வைத்துப் பேசினாலும் அப்படியே, அது தோரால்ஃப் ஸ்கோலெம் பக்கத்திலிருந்து வந்த விஷயம். ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் நிலைமை தலைகீழாக மாறிவிடுகிறது: எந்த நிரலாலும் முழுமையாகத் தீர்க்க முடியாத கேள்விகள் வந்துவிடுகின்றன, ஏனென்றால் இரண்டும் சேர்ந்த இடத்தில் எல்லா நிரல்களும் குடியேறிவிடுகின்றன. தனித்தனியாக அடங்கிக் கிடக்கும் இரண்டு செயல்கள் சேர்ந்தால் மட்டும் இப்படி ஆகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஏன் அப்படி? கணக்கீடு என்பது நிலைகளின் வரிசை; இந்த நிலைக்கு அப்புறம் அந்த நிலை, அதற்கப்புறம் இன்னொன்று. ஒரு வரிசை முழுவதையும் ஓரிரு எண்களுக்குள் அடைத்துவிட முடிந்தால், 'இந்த நிரல் இந்த விடையைத் தந்து நிற்கும்' என்பதை 'இப்படிப்பட்ட ஓர் எண் இருக்கிறது' என்று எழுதிவிடலாம். குர்ட் கோடல் 1931-இல் இதைத்தான் செய்தார், சீன மீதித் தேற்றத்தைப் பயன்படுத்தி (பல வகுத்திகளால் வகுக்கும்போது வரும் மீதிகளைக் கொண்டு ஓர் எண்ணைப் பிடிக்கும் தேற்றம் அது). கூட்டலும் பெருக்கலும் தவிர வேறெதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. கணினியின் கணித மாதிரியான தன் இயந்திரத்தை ஆலன் ட்யூரிங் விவரித்தது 1936-இல். அதற்குள் அடங்கும் கணக்கீடுகள் அனைத்தும் எண்கணிதத்தில் ஏற்கெனவே இருந்தவைதான்.

இதைக் கையால் செய்து பார்க்க மிக எளிய வழி ஜான் கான்வேயின் ஃப்ராக்ட்ரான். பின்னங்களின் பட்டியல்தான் நிரல், ஒரு முழு எண்தான் நினைவகம். பட்டியலில் முதலிலிருந்து வாருங்கள், எந்தப் பின்னத்தால் பெருக்கினால் முழு எண் கிடைக்கிறதோ அதனால் பெருக்கி எண்ணை மாற்றுங்கள், மறுபடி பட்டியலின் தலையிலிருந்து தொடங்குங்கள், எதுவும் சரிவராதபோது நிறுத்துங்கள். விதி முடிந்தது. இப்போது பட்டியலில் 3/2 என்ற ஒரே பின்னம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு 72-ஐ உள்ளே கொடுங்கள். 72, 108, 162, 243. இதற்குமேல் இரண்டால் வகுபடாது, நின்றுவிட்டது. 72 என்பது 2³ × 3², 243 என்பது 3⁵. அதாவது அந்த ஒற்றைப் பின்னம் 3-ஐயும் 2-ஐயும் கூட்டி 5 என்று சொல்லியிருக்கிறது. எண்ணின் பகாக் காரணிகள்தான் இங்கே பதிவேடுகள், அடுக்குகள்தான் அவற்றில் வைத்திருக்கும் மதிப்புகள்.

இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தால் கான்வே கொடுத்த 14 பின்னங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 17/91, 78/85, 19/51, 23/38, 29/33, 77/29, 95/23, 77/19, 1/17, 11/13, 13/11, 15/2, 1/7, 55/1. தொடக்க எண் 2. அடுத்தடுத்து 15, 825, 725, 1925, 2275, 425, 390 என்று ஒரு தொடர்பும் இல்லாததுபோல எண்கள் வரும், 19-ஆவது படியில் 4 வரும். 4 என்பது 2². இன்னும் ஓட்டினால் வழியில் எத்தனையோ எண்கள் வரும், ஆனால் அவற்றில் 2-இன் தனி அடுக்காக வருபவை 2², 2³, 2⁵, 2⁷ என்று பகா எண்களை வரிசை மாறாமல், ஒன்றுகூட விடாமல் சொல்லிக்கொண்டே போகும். ஒரு கால்குலேட்டரும் அரை மணி நேரமும் இருந்தால் முதல் 19 படிகளை நீங்களே சரிபார்க்கலாம், கண்டிப்பாகச் செய்யுங்கள். கணக்கீடு என்பது சிலிக்கானில் நடக்கும் மின்சார விவகாரம் என்ற எண்ணம் அந்தத் தாளில் எழுதும்போதே கரைந்துபோகும்.

அடுத்த படி இன்னும் தூரம் போகிறது. 1900-இல் பாரிசில் ஜெர்மன் கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட் முன்வைத்த கணக்குகளில் பத்தாவது, முழு எண் தீர்வு தேடும் பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டா இல்லையா என்று சொல்லும் பொதுவழி ஒன்றைக் கேட்டது. மார்ட்டின் டேவிஸ், ஹிலரி பட்னம், ஜூலியா ராபின்சன் மூவரும் 1961-இல் ஏறக்குறைய முடித்து வைத்திருந்ததை, 1970-இல் லெனின்கிராடைச் சேர்ந்த 22 வயது யூரி மத்தியசேவிச், ஃபிபொனாச்சி எண்களைக் கொண்டு முடித்தார். பதில்: அப்படிப்பட்ட பொதுவழி கிடையாது. காரணம்தான் நமக்கு முக்கியம். எந்த நிரல் எந்த எண்களைப் பட்டியலிட்டாலும், அந்தப் பட்டியலை அப்படியே பிரதிபலிக்கும் ஒரு சமன்பாடு உண்டு. 1976-இல் 26 மாறிகள் கொண்ட, 25-ஆம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றை நாலு பேர் எழுதிக் காட்டினார்கள். மாறிகளில் எந்த இயல் எண்களைப் போட்டாலும், விடை நேர்மறையாக வந்தால் அது பகா எண்தான், எல்லாப் பகா எண்களும் அப்படி வந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, சமன்பாடு ஓடுவதில்லை. ஃப்ராக்ட்ரானில் படிகள் இருந்தன, முன் பின் இருந்தது. சமன்பாட்டில் தீர்வு இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். காலம் காணாமல் போய்விட்டது, கணக்கீடு மட்டும் மிச்சம் இருக்கிறது. 'சரி, யார் அதை ஓட்டுகிறார்கள்?' என்ற கேள்வி இந்த இடத்தில்தான் உண்மையான கனத்தோடு எழுகிறது, பின்னால் வரும் எல்லா வழிகளும் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கின்றன என்பதை வைத்தே பிரிகின்றன.

இன்னொரு தகவலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாதது. இயற்பியல் வழக்கமாக எழுதப்படும் மெய் எண்களில், கூட்டலையும் பெருக்கலையும் வைத்துப் பேசும் அடிப்படை மொழி முழுவதும் இயந்திரத்தால் தீர்க்கக்கூடியது. ஆல்ஃபிரட் டார்ஸ்கி நிரூபித்தது. அதாவது முழு எண்களில் இருக்கும் கணினி, அவற்றைவிட எவ்வளவோ அடர்த்தியான மெய் எண்களில், அதே இரண்டு செயல்களோடு, இல்லை. சைன் சார்பைச் சேர்த்தால் அது சுழியாகும் புள்ளிகள் வழியாக முழு எண்கள் திரும்ப வந்துவிடும், கணினியும் கூடவே வந்துவிடும். அலைகள் வந்த பிறகுதான் கணக்கீடு வருகிறது என்று இதைப் படிக்கலாம். இயற்பியலுக்கு இதில் ஏதோ சேதி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் தேற்றமாக இருப்பது நான் சொன்ன அளவு மட்டுமே.

இனி வழிகளுக்கு வருவோம். கட்டங்களின் வழியில் அதிகம் நிற்கப்போவதில்லை. பெர்லினில் 1941-இல் நிரல்படி இயங்கும் இசட்3 கணினியைச் செய்து முடித்த கொன்ராட் சூசே, 1969-இல் பிரபஞ்சமே ஒரு கணக்கிடும் வெளி என்று எழுதினார். எட்வர்ட் ஃபிரெட்கின் அதே எண்ணத்தைப் பல ஆண்டுகள் வளர்த்தார். கான்வேயின் 'லைஃப்' விளையாட்டு 1970-இல் வந்தது. ஒரு கட்டம், உயிரோடு இருப்பது இல்லாதது என்று இரண்டே நிலைகள், எளிய விதிகள், அதற்குள் ஒரு முழுக் கணினியைக் கட்டிவிடலாம். விதி 110 என்ற ஒற்றைப் பரிமாணக் கட்டமும் எல்லாக் கணக்கீட்டையும் செய்யும் என்று மேத்யூ குக் நிரூபித்து 2004-இல் வெளியிட்டார். நிரல் எழுதிப் பார்க்க இதைப்போல இன்பமானது வேறில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பைத்தானில் எழுதிவிடலாம்.

ஆனால் உலகத்தின் விளக்கமாக இதை எடுத்துக்கொண்டால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. கட்டம் என்றால் திசைகள் சமமாக இருக்காது, மிக நுண்ணிய அளவில் ஒளி போகும் வேகத்திலாவது அது தலைகாட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி 2009-இல் பதிவு செய்த ஒரு காமா கதிர் வெடிப்பில், சுமார் 730 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த 31 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஒளித்துகள், தாழ்ந்த ஆற்றல் ஒளியோடு ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் வந்து சேர்ந்தது. எளிமையான கட்ட மாதிரிகளுக்கு இது பலத்த அடி. இரண்டாவது, ஜான் பெல் 1964-இல் காட்டியதும், பிறகு சோதனைகளில் உறுதியாகி 2022-இல் நோபல் பரிசு வரை போனதும்: பக்கத்துக் கட்டத்தை மட்டும் பார்த்து அடுத்த நிலையை முடிவு செய்யும் விதி, குவாண்டம் தொடர்புகளை, அதாவது தொலைவில் பிரிந்திருக்கும் துகள்களின் அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் விதத்தை, சாதாரணமாகத் தர முடியாது. சோதனையாளர் எதை அளக்கப்போகிறார் என்பதும் தொடக்கத்திலேயே பின்னப்பட்டிருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம், ஜெரார்ட் 'ட் ஹூஃப்ட் போன்ற பெரிய இயற்பியலாளரே அந்தத் திசையில் வேலை செய்திருக்கிறார், எனக்கு அது கொடுக்க வேண்டியதைவிட அதிக விலை. தோற்க இடம் கொடுத்தது என்பதால் இந்த வழி மேல் மரியாதை உண்டு. கற்றுக்கொள்ள நல்லது, தங்குவதற்கு அல்ல.

வுல்ஃப்ராம் வழி கட்டத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறது. 2020 ஏப்ரலில் அவர் அறிவித்த திட்டத்தில் வெளி என்று எதுவும் முன்கூட்டி இல்லை. புள்ளிகள், அவற்றுக்கிடையே உறவுகள், உறவுகளை மாற்றி எழுதும் விதி, அவ்வளவுதான். விதியைத் திரும்பத் திரும்பப் போடும்போது பரிமாணம் உள்ள வெளிபோல ஒன்று உருவாகிறது. மாற்றங்களை எந்த வரிசையில் செய்தாலும் காரண உறவுகள் ஒன்றாகவே அமையும் விதிகளில் சிறப்புச் சார்பியல் போன்ற நடத்தை கிடைக்கிறது, சில கூடுதல் அனுமானங்களின்கீழ் ஐன்ஸ்டீன் சமன்பாடுகளையும் எட்டலாம் என்று ஜொனாதன் கோரார்ட் எழுதினார். கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, படங்கள் அழகு, ஓட்டிப் பார்க்கலாம். நிரல் எழுதுவதில்தான் உங்களுக்கு ஈடுபாடு என்றால் இது தாராளமாகத் தீனி போடும்.

என் தயக்கம் வேறு. நம் உலகத்தின் விதி இதுதான் என்று ஒன்றும் இன்னும் கையில் இல்லை. எது நம் விதி, ஏன் அந்த விதி, மற்றவை ஏன் இல்லை என்று கேட்டபோது, சாத்தியமான எல்லா விதிகளும் எல்லா வழிகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதிலிருந்து பார்வையாளராகிய நாம் ஒரு துண்டை எடுத்துப் பார்க்கிறோம் என்று 2021-இல் வுல்ஃப்ராமே ஒரு பதிலுக்கு வந்தார். எல்லாக் கணக்கீடுகளும் இருக்கின்றன, பார்வையாளர்தான் தேர்வு செய்கிறார் என்றால், அந்த எல்லாக் கணக்கீடுகளும் கூட்டல் பெருக்கலுக்குள்ளேயே கிடக்கின்றனவே, ஹைப்பர்கிராஃப் எதற்கு? சுற்றி வந்து எண்கணிதத்தின் வாசலுக்கே வந்துவிட்டோம்.

டெக்மார்க்கைப் பற்றி சுருக்கமாகவே சொல்கிறேன். மனிதர்களைச் சாராத வெளியுலகம் ஒன்று இருந்தால் அது முழுக்கக் கணித அமைப்பாகத்தான் இருக்க வேண்டும், எல்லாக் கணித அமைப்புகளும் ஒரே அளவுக்கு இருக்கின்றன என்று 2007-இல் எழுதினார். படிக்க எளிது, ஒரு வாரத்தில் கருத்து முழுவதும் கைக்கு வந்துவிடும். சிக்கல் என்னவென்றால் 'எல்லாக் கணித அமைப்புகளும்' என்பது அளவிட முடியாத பெருங்கூட்டம், அதற்குள் எது எவ்வளவு எடை பெறுகிறது என்று சொல்ல வழியில்லை, எடை இல்லாவிட்டால் நிகழ்தகவு இல்லை, நிகழ்தகவு இல்லாவிட்டால் இயற்பியல் கணிப்பு இல்லை. அவரே கணக்கிடக்கூடிய அமைப்புகள் மட்டும் என்று குறுக்கிக்கொள்ளும் ஒரு வடிவத்தையும் முன்வைத்தார், அது நல்ல திசை. ஆனால் அமைப்பு ஒன்று இருக்கிறது என்பதிலிருந்து, அதற்குள் இருந்து ஒருவர் எதை உணர்வார் என்பதற்குத் தாவும்போது அந்தத் தாவலை அவர் பெரிதாக ஆராய்வதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான இடம்.

மார்ஷால் அந்த இடத்திலேயே கடையைப் போடுகிறார். பிரசெல்சில் வேலை செய்த பெல்ஜியத் தர்க்கவியலாளர், 1998-இல் பிரான்சின் லீல் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுத்தவர். அவர் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கருதுகோள், அதையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்: உங்கள் மூளையை ஏதோ ஒரு நுட்ப அளவில் டிஜிட்டல் கருவியாக மாற்றிவைத்தாலும் நீங்கள் நீங்களாகவே தொடர்வீர்கள். அந்த அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவரிடம் சரி என்று சொல்ல நீங்கள் தயாரா? தயார் என்றால், அப்புறம் படிப்படியாக அவர் உங்களை எங்கே கூட்டிப்போகிறார் என்று பாருங்கள்.

உங்கள் விவரம் முழுவதையும் படியெடுத்து, மூலத்தை அழித்து, வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் ஒரே நேரத்தில் மறுபடி கட்டுகிறார்கள். புறப்படுமுன் உங்களிடம் 'கண் திறக்கும்போது எந்த ஊரைப் பார்ப்பீர்கள்?' என்று கேட்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் தெளிவு, இரண்டு ஊரிலும் ஒருவர் இருப்பார், எதிர்பாராதது எதுவும் இல்லை. உங்களுக்கோ, எந்த ஊர் என்று முன்கூட்டிச் சொல்ல வழியே இல்லை, ஏனென்றால் கண் திறக்கும் ஒவ்வொருவரும் ஒரே ஊரைத்தான் பார்ப்பார். முழுக்கத் தீர்மானமான அமைப்புக்குள்ளிருந்து, உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரியும் நிச்சயமின்மை பிறந்துவிட்டது. ஒரு பிரதியை ஒரு வருடம் தாமதித்துக் கட்டினாலும் இது மாறாது, தாமதத்தை உள்ளிருந்து உணர முடியாது. ஓர் ஊரைக் கணினிக்குள் உருவகமாகச் செய்துவைத்தாலும் மாறாது.

இப்போது எல்லா நிரல்களையும் ஓட்டும் ஒரு நிரலை எண்ணிக்கொள்ளுங்கள். எது நிற்கும் எது நிற்காது என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட முடியாது. பல அடுப்புகளில் சமைக்கிறவர் ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒரு கிளறு கிளறிவிட்டு அடுத்ததுக்குப் போவதுபோல, முதல் நிரலில் ஒரு படி, அப்புறம் முதல் இரண்டிலும் ஒவ்வொரு படி, அப்புறம் முதல் மூன்றிலும் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். யூர்கன் ஷ்மிட்ஹூபரும் 1997-இல் இதே நிரலைப் பிரபஞ்சங்களை உருவாக்கும் எந்திரமாக எடுத்துப் பேசினார். ஆனால் மார்ஷாலின் கேள்வி கூர்மையானது: இந்த நிரல் எங்கேயோ ஓடினால், உங்களின் இப்போதைய நிலையைக் கடந்துபோகும் கணக்கீடுகள் எண்ணற்றவை, நீங்கள் அவற்றில் எதில் இருக்கிறீர்கள்? வாஷிங்டன்–மாஸ்கோ பதிலே இங்கேயும்: அவை எல்லாவற்றிலும், உங்கள் அடுத்த நொடியின் நிகழ்தகவு அவை எல்லாம் சேர்ந்து தருவது. அப்படியென்றால் இயற்பியல் விதி என்று நாம் சொல்வது ஒரு குறிப்பிட்ட நிரல் அல்ல, எண்ணற்ற நிரல்களின் மேல் உள்ளிருந்து எடுக்கப்படும் ஒரு புள்ளிவிவரம்.

அந்த நிரல் ஓட ஒரு பொருளுலகம் வேண்டுமே என்றால், அங்கேதான் கோடலும் மத்தியசேவிச்சும் திரும்ப வருகிறார்கள். அதன் எல்லாப் படிகளும் எண்களுக்கிடையே உள்ள உறவுகளாக ஏற்கெனவே இருக்கின்றன. ரஃபேல் ராபின்சன் 1950-இல் கொடுத்த ஏழு அடிப்படைக் கூற்றுகள் கொண்ட எண்கணிதம் போதும், அதற்குமேல் எதையும் இருப்பதாகக் கொள்ள வேண்டாம் என்கிறார் மார்ஷால். (ரஃபேல், ஜூலியா ராபின்சனின் கணவர். ஒரே வீட்டிலிருந்து இந்தக் கட்டடத்தின் இரண்டு தூண்களும் வந்திருக்கின்றன, நினைக்கவே நன்றாக இருக்கிறது.) பொருள் இயங்கினால்தான் உணர்வு வரும் என்ற எதிர்வாதத்துக்கு அவர் 1988-இல் ஒரு வாதம் வைத்தார், அதையொத்த வாதத்தை டிம் மாட்லின் 1989-இல் தனியாக எழுதினார்: ஒரு கணக்கீட்டின்போது பயன்படாமல் சும்மா இருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தால், உணர்வைப் பௌதிக அசைவோடு கட்டிப்போடுவது அபத்தத்தில் முடிகிறது என்பது சாரம். முழு வாதத்தில் எனக்கு மிகவும் நெருடுகிற படி இதுதான். உறவு இருப்பதும் அது நிகழ்வதும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு அது ஒரு பதிலைத் தருகிறது, ஆனால் கதவை முழுவதும் மூடவில்லை.

மிச்சம் இருக்கும் கடன் பெரிது, அதை அவர் மறைப்பதில்லை. எல்லா நிரல்களும் எடை பெறுமென்றால் அடுத்த நொடியில் சுவரில் இருந்து முயல் குதிக்கும் அனுபவங்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு, அவை ஏன் நமக்குக் கிடைப்பதில்லை? வெள்ளை முயல் சிக்கல் என்று இதைச் சொல்வார்கள். தன்னைப் பற்றித் தானே நிரூபிக்கக்கூடிய இயந்திரத்தின் தர்க்கத்தை, 1955-இல் வந்த லோபின் தேற்றம், 1976-இல் சொலோவே முடித்துக்கொடுத்த முழுமைத் தேற்றம் இவற்றை வைத்து எழுதி (ஓர் அமைப்பு தன் நிரூபணங்களைப் பற்றித் தானே எதை நிரூபிக்கலாம் என்று சொல்பவை இவை), அதில் 'நிச்சயமாகக் காண்பேன்' என்பதற்கு உரிய துண்டைப் பிரித்தெடுத்தால் குவாண்டம் தர்க்கத்தை, அதாவது குவாண்டம் அளவீடுகள் பின்பற்றும், வழக்கமானதிலிருந்து மாறுபட்ட தர்க்கத்தை, போன்ற ஒன்று கிடைக்கிறது என்று மார்ஷால் காட்டுகிறார். இது இயற்கையோடு ஒத்துப்போகாவிட்டால் தொடக்கக் கருதுகோளே விழும் என்கிறார். இப்படித் தன் கழுத்தையே நீட்டிவைக்கும் தத்துவ வாதம் அபூர்வம். ஆனால் அங்கிருந்து எலக்ட்ரானின் நிறைக்கோ, வெளிக்கு ஏன் மூன்று பரிமாணம் என்பதற்கோ இன்னும் வழி வரவில்லை. அவருடைய எழுத்தும் இறுக்கமானது, தர்க்கம் பழகாதவருக்கு இரண்டாம் பாதி மூச்சு வாங்கும்.

முல்லரின் வழி அந்தக் கடனை வேறு கையால் அடைக்கப் பார்க்கிறது. வியன்னாவில் வேலை செய்யும் குவாண்டம் தகவல் ஆய்வாளர், 2020-இல் வந்த கட்டுரையில், பார்வையாளரின் நிலை என்பதை 0, 1 என்று போகும் ஒரு பிட் சரமாக எடுத்துக்கொண்டு, அடுத்த நிலைக்கான வாய்ப்பை ரே சாலமனாஃப் வழியில் வந்த நிரல்சார் நிகழ்தகவால் தருகிறார்: குட்டையான நிரலால் விளையக்கூடிய தொடர்ச்சிகளுக்கு எடை அதிகம். வெளியுலகம் என்று எதையும் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் நீண்ட ஓட்டத்தில் பார்வையாளருக்கு, எளிய, கணக்கிடக்கூடிய, நிகழ்தகவு விதிகள் கொண்ட ஒரு வெளியுலகம் இருப்பதுபோலவே எல்லாம் நடக்கும் என்று நிரூபிக்கிறார். வெள்ளை முயல்கள் ஏன் அரிது என்பதற்கு இங்கே ஒரு கணக்கு கிடைக்கிறது. விலை என்ன என்றால், நிரல் நீளத்துக்கு எடை கொடுக்கும் அந்த விதியை அவர் அடிப்படையாகவே வைத்துவிடுகிறார். மார்ஷால் அது எண்கணிதத்திலிருந்தே வந்தாக வேண்டும் என்பார். வெளிப்படையாக வைத்தாரே, எனக்கு அது போதும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் இருந்தால் முதல் இரண்டு மாதம் இந்த ஊகங்கள் எதையும் தொடாமல் ஃப்ராக்ட்ரான், கோடலின் எண்ணிடல், ஹில்பர்ட்டின் பத்தாவது கணக்கு என்று எண்கணிதத்திலேயே இருங்கள். உலகத்தைப் பற்றிய மற்ற எல்லாம் பொய்த்துப்போனாலும் இந்தப் பகுதி உங்களிடமே இருக்கும். மூன்றாவது மாதம் மார்ஷாலின் முதல் பாதி, அந்தப் பிரதியெடுக்கும் வாதம், தர்க்கப் பகுதியை ஒதுக்கிவிட்டு. அதற்குக் கணிதம் தேவையில்லை, நேர்மையாக யோசிக்கப் பொறுமை தேவை. நண்பர் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டே படித்தால் இன்னும் நல்லது. உங்கள் பதில் மருத்துவரிடம் 'வேண்டாம்' என்பதாக இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம், அது தோல்வி இல்லை, அந்த ஒரு கருதுகோளை மறுத்துவிட்டீர்கள், மீதி வாதம் உங்களைக் கட்டுப்படுத்தாது. 'சரி' என்றால் மிச்ச மூன்று மாதத்தையும் முல்லருக்குக் கொடுங்கள்.

நிரல் எழுதினால்தான் மனம் ஒட்டும் என்கிறவர் வுல்ஃப்ராமின் கருவிகளோடு தொடங்கட்டும், ஆனால் 'எல்லா விதிகளும் ஓடுகின்றன' என்ற இடத்தை எட்டியதும் அப்படியே மார்ஷாலின் கேள்விக்கு மாறிக்கொள்ளட்டும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் ஃப்ராக்ட்ரானும் பிரதியெடுக்கும் வாதமும் போதும், டெக்மார்க்கை ரயில் பயணத்தில் படித்துக்கொள்ளலாம். முல்லரின் கட்டுரை 'குவாண்டம்' என்ற ஆய்விதழில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நீளமானது, முன்னுரையையும் நிரல்சார் நிகழ்தகவு விளக்கத்தையும் முதலில் படித்துவிட்டு, தேற்றங்களின் நிரூபணத்தை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.